பள்ளிப் பேருந்தைத் தனியாரிடம் கொடுக்கும் முன்: அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜனவரி பிறந்தால் அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளில், பட்ஜெட் பேச்சு சூடுபிடித்துவிடும். எங்கே வெட்டலாம் என்று தேடுகிறவர்களுக்கு வகுப்பறையில் கைவைக்கத் துணிவு வராது. அடுத்துக் கண்ணில் படுவது மஞ்சள் பேருந்துதான். "இதை ஒரு கம்பெனியிடம் விட்டுவிட்டால் என்ன?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நம்மவர்கள் நிறைய வசிக்கும் ஊர்களில் சிலர் இப்போது மாவட்டத்தை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டில் இருக்கிறார்கள், சிலர் பட்ஜெட் குழுக்களில் இருக்கிறார்கள், இன்னும் பலர் பெற்றோராக மைக் முன் நின்று தமக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடம் பேசுகிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக.

நாடு முழுவதும் சுமார் 2.5 கோடிப் பிள்ளைகள் தினமும் பள்ளிப் பேருந்தில் போகிறார்கள். அந்தப் பேருந்துகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவற்றைத் தனியார் ஒப்பந்ததாரர்கள் ஓட்டுகிறார்கள். ஆகவே இது புதுச் சங்கதி அல்ல; நன்றாக நடந்த ஊர்களும் உண்டு, நாறிப்போன ஊர்களும் உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டும் வேலையை விலைக்கு வாங்கலாம். ஆனால் பேருந்து நிற்கும் யார்டு, ரூட் விவரங்கள், கண்காணிப்பு ஆகிய மூன்றும் மாவட்டத்தின் கையைவிட்டுப் போகக் கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டவை.

படி 1: எதற்காகக் கொடுக்கிறோம்?

பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றைச் சொல்வார்கள்: செலவு, ஓட்டுநர் பற்றாக்குறை, பழைய பேருந்துகளை மாற்றப் பணமில்லை.

இதில் ஓட்டுநர் பற்றாக்குறைதான் வலுவில்லாத காரணம். கம்பெனியும் உங்கள் ஊரிலேயேதான் ஆள் தேட வேண்டும். பெரிய வண்டி ஓட்டும் சிடிஎல் உரிமம், அதன்மேல் பயணிகளுக்கான 'பி' அனுமதி, பள்ளிப் பேருந்துக்கான 'எஸ்' அனுமதி, 2022 பிப்ரவரி முதல் புதியவர்களுக்குக் கட்டாயமான நுழைவுநிலைப் பயிற்சி என்று எல்லாம் இரு தரப்புக்கும் பொது. காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்று உடைந்த வேலைக்கு ஆள் வருவது அரிது. அரசு ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும்தான் பலரை இதில் பிடித்து வைத்திருக்கின்றன. கம்பெனிக்கு மாறினால் பல இடங்களில் அந்த ஓய்வூதியம் போய்விடும். 2021 செப்டம்பரில் மாசசூசெட்ஸில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோக ஆளில்லாமல், வேன் ஓட்ட மாநிலச் சேமப்படையான நேஷனல் கார்டின் வீரர்கள் 250 பேர் வரை அழைக்கலாம் என்று ஆளுநர் உத்தரவிட்டார். ஒப்பந்ததாரர்களையே பெரிதும் நம்பியிருக்கும் மாநிலம் அது.

பேருந்து வாங்கப் பணம் இல்லை என்பது நேர்மையான காரணம். செலவு என்பது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய காரணம்.

படி 2: உங்கள் சொந்தச் செலவைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக ஏமாற்று நடக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்வதல்ல. மாவட்டத்தின் மொத்தச் செலவைக் கம்பெனியின் ஒரு நாள் விலையோடு நேராக ஒப்பிட்டுவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: நாளை இந்த வேலையை வெளியே கொடுத்தால், எந்தெந்தச் செலவு உண்மையிலேயே நின்றுபோகும்?

ஒரு கற்பனை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 60 பேருந்துகள். ஒரு பேருந்துக்கு ஆண்டுக்கு 78,000 டாலர் ஆகிறது, மொத்தம் 46.8 லட்சம் டாலர். கம்பெனி ஒரு பேருந்துக்கு நாளொன்றுக்கு 400 டாலர் கேட்கிறது. 180 பள்ளி நாட்களுக்கு 72,000, மொத்தம் 43.2 லட்சம். ஆண்டுக்கு 3,60,000 டாலர் மிச்சம் என்று திரையில் போட்டுக் காட்டுவார்கள், கூட்டம் தலையாட்டும்.

இனி அதில் ஒளிந்திருப்பதைக் கழியுங்கள். மாவட்ட அலுவலகத்தில் சம்பளப் பிரிவு, கணக்குப் பிரிவு, கட்டடம் எல்லாம் அப்படியே இருக்கும். அவற்றில் போக்குவரத்துக் கணக்கில் எழுதிவைத்த பங்கு பேருந்துக்கு 2,000 என்றால் 1,20,000 டாலர் போகாத செலவு. ஒப்பந்தத்தைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும்; சம்பளமும் சலுகைகளும் சேர்த்து 1,10,000. விளையாட்டுப் போட்டிகள், சுற்றுலாக்களுக்குக் கம்பெனி தனியாகப் பில் போடும், கூடுதலாக 70,000. ஆக 3,00,000. உண்மை மிச்சம் 60,000 டாலர்தான்.

இத்தோடு விடவில்லை. உங்கள் செலவு ஆண்டுக்கு 3 சதவீதமும் கம்பெனி விலை 4 சதவீதமும் ஏறினால், அந்த 3,00,000 அசையாமல் நின்றாலும்கூட, இரண்டாம் ஆண்டு மிச்சம் 27,600 ஆகச் சுருங்கும். மூன்றாம் ஆண்டில் 7,500 டாலர் நஷ்டம். எனவே ஒரு வருடக் கணக்கைக் காட்டி யாராவது பேசினால், ஐந்து வருடக் கணக்கு எங்கே என்று கேளுங்கள்.

மாநில உதவித்தொகையையும் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் அங்கீகரிக்கப்பட்ட போக்குவரத்துச் செலவில் மாவட்டத்தின் வசதியைப் பொறுத்து 90 சதவீதம் வரை மாநிலமே திருப்பித் தருகிறது. அந்த மாதிரி இடத்தில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் டாலரில் பெரும்பகுதி மாநிலத்துக்குத்தான் போகும்; உள்ளூர் வரி கட்டுகிறவர் பைக்குக் கொஞ்சம்தான் வரும். மாநிலத்துக்கு மாநிலம் சூத்திரம் மாறும்.

பழைய பேருந்துகளை விற்றால் வரும் பணத்தை மிச்சக் கணக்கில் சேர்ப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அது ஒரு தடவை வரும் பணம். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் அதே அளவு ஓட்டையாக வந்து நிற்கும்.

படி 3: சட்டம் விடுமா?

கலிபோர்னியாவில் கல்விச் சட்டத்தின் 45103.1 பிரிவு, பள்ளி ஊழியர்கள் வழக்கமாகச் செய்யும் வேலையை வெளியே கொடுக்கப் பல நிபந்தனைகள் போடுகிறது: உண்மையான மிச்சத்தைக் காட்ட வேண்டும், அந்த மிச்சம் வெறுமனே குறைந்த கூலியால் வந்ததாக இருக்கக் கூடாது, இருக்கும் ஊழியர்கள் வேலையிழக்கக் கூடாது. இல்லினாயிலும் மூன்றாண்டுச் செலவு ஒப்பீடு, பொது விசாரணை போன்றவற்றைச் சட்டம் கேட்கிறது. வேறு சில மாநிலங்களில் இவ்வளவு கெடுபிடி இல்லை. அதோடு தொழிற்சங்க ஒப்பந்தத்தையும் மாவட்ட வக்கீலிடம் கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

யாரிடம் கொடுத்தாலும் சில கடமைகள் மாவட்டத்தின் தலையில்தான் இருக்கும். மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்கான ஐடிஇஏ என்ற மத்தியச் சட்டப்படி, சிறப்புக் கல்வி பெறும் பிள்ளையின் தனிப்பட்ட கல்வித் திட்டமான ஐஇபியில் போக்குவரத்து எழுதப்பட்டிருந்தால், "கம்பெனியில் ஆள் இல்லை" என்பது பதிலாகாது. வீடிழந்த குடும்பத்துப் பிள்ளை முன்பு படித்த பள்ளிக்கே தொடர்ந்து போக மெக்கினி-வென்டோ சட்டம் உரிமை தருகிறது. அந்த வண்டியும் உங்கள் பொறுப்பு. நியூஜெர்சியில் எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கு அப்பாலும், உயர்நிலைப் பள்ளிக்கு 2.5 மைலுக்கு அப்பாலும் இருந்தால் பேருந்து கட்டாயம். அதற்குள் இருப்பவர்களுக்கு விடும் 'கர்ட்டசி பஸ்' கட்டாயமில்லை. வெட்டு என்று வந்தால் முதலில் போவது அதுதான், கூட்ட அறையில் அதிகச் சத்தம் எழுவதும் அதற்குத்தான்.

வேலைநிறுத்தமும் இந்தப் படியில் யோசிக்க வேண்டியது. நியூயார்க்கில் டெய்லர் சட்டப்படி அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. தனியார் கம்பெனி ஊழியர்கள் செய்யலாம். 2013 ஜனவரியில் நியூயார்க் நகரில் அதுதான் நடந்தது. புது டெண்டரில் மூத்த ஓட்டுநர்களின் வேலைப் பாதுகாப்பை எடுத்துவிட்டதற்காக ஒரு மாதம் பேருந்துகள் நின்றன, சுமார் 1.5 லட்சம் மாணவர்கள் தவித்தார்கள். அதில் கணிசமானவர்கள் சிறப்புத் தேவை உள்ளவர்கள்.

படி 4: எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது

எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று விற்பனையாளர் பேசுவார். நடுவில் நிறைய இடம் இருக்கிறது. பேருந்து, ஓட்டுநர், பணிமனை, ரூட் போடுதல், மேலாண்மை என்று ஒவ்வொன்றையும் தனியாகப் பிரிக்கலாம். பாஸ்டனில் பேருந்துகள் பள்ளி நிர்வாகத்தின் சொத்து. 2013 முதல் டிரான்ஸ்டெவ் நிறுவனம் ஓட்டுகிறது, அதற்கு முன் வேறு கம்பெனி ஓட்டியது. கம்பெனி மாறினாலும் வண்டி மாறவில்லை. வேறு சில மாவட்டங்கள் தங்கள் ஓட்டுநர்களை வைத்துக்கொண்டு சிறப்புக் கல்விக்கான சிறு வேன்களை மட்டும் வெளியே கொடுக்கின்றன. என் கண்ணுக்கு இது நல்ல ஆரம்பம்: சில ரூட்களை மட்டும் கொடுத்து இரண்டு ஆண்டு பாருங்கள்.

யார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 60 பேருந்து நிறுத்த, டீசல் போட, கழுவ, பழுது பார்க்க அனுமதியுள்ள நிலம் புறநகரில் இன்று எளிதில் கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரர்கள் விட மாட்டார்கள். யார்டு உங்களுடையதாக இருந்தால் அடுத்த டெண்டரில் நாலு கம்பெனி வரும், ஏனென்றால் யாரும் நிலம் தேட வேண்டியதில்லை. யார்டு இப்போதைய கம்பெனியுடையதாக இருந்தால், அடுத்த டெண்டரில் அவர்கள் மட்டும்தான் வருவார்கள். யானையை விற்றுவிட்டுத் துறட்டிக்கு வழக்காடுவது போல, நிலத்தையும் வண்டியையும் விட்டுக்கொடுத்துவிட்டு நாள்விலையில் இரண்டு டாலருக்குப் பேரம் பேசும் மாவட்டங்கள் இருக்கின்றன.

படி 5: டெண்டருக்கு முன் ரூட்டையும் மணியையும் சரிசெய்யுங்கள்

போக்குவரத்துச் செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பள்ளி மணிதான், அதாவது பள்ளி தொடங்கி முடியும் நேரம். ஒரே பேருந்து முதலில் உயர்நிலைப் பள்ளிக்கும், பிறகு நடுநிலைக்கும், கடைசியாகத் தொடக்கப் பள்ளிக்கும் ஓடினால் ஒரு வண்டி மூன்று வண்டியின் வேலையைச் செய்யும். மூன்று பள்ளிகளும் ஒரே நேரத்தில் தொடங்கினால் மூன்று வண்டி வேண்டும். இதைச் சரிசெய்யும் அதிகாரம் எந்தக் கம்பெனிக்கும் கிடையாது, போர்டுக்குத்தான். பதிவு செய்துவிட்டு ஏறாத பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள், பாதி காலியாக ஓடும் பேருந்துகள் வெளிப்படும். இதை நீங்களே செய்தால் மிச்சம் உங்களுக்கு. செய்யாமல் கொடுத்தால், கம்பெனி செய்து மிச்சத்தைத் தன் லாபத்தில் வைத்துக்கொள்ளும்.

மணியை மாற்றும்போது அவசரம் ஆகாது. 2023 ஆகஸ்ட் 9, கென்டக்கியின் லூயிவில் நகரை உள்ளடக்கிய ஜெஃபர்சன் கவுன்ட்டி மாவட்டம் புது மணிகளோடும், ஆல்ஃபாரூட் என்ற நிறுவனத்தின் மென்பொருள் போட்டுக்கொடுத்த புது ரூட்களோடும் பள்ளியைத் திறந்தது. கடைசிப் பிள்ளைகள் வீடு சேர்ந்தபோது இரவு 10 மணியை நெருங்கிவிட்டது. அதன்பின் ஒரு வாரத்துக்கு மேல் பள்ளி மூடிக் கிடந்தது. அங்கே ஓட்டுநர்கள் மாவட்ட ஊழியர்கள்தான். அதாவது ரூட் போடும் வேலையை மட்டும் கொடுத்தாலும், அதை வாங்கிச் சரிபார்க்கும் திறமை உள்ளே இருக்க வேண்டும். திரையில் அழகாக வளையும் கோடு, இடதுபுறம் திரும்ப முடியாத சந்திப்பில் வந்து நிற்கும்.

படி 6: டெண்டர் ஆவணம்

இரண்டு வகை உண்டு. குறைந்த விலைக்காரருக்கே கொடுத்தாக வேண்டியது ஒன்று. விலை, அனுபவம், பாதுகாப்பு என்று மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுப்பது மற்றொன்று. உங்கள் மாநிலம் அனுமதித்தால் இரண்டாவதையே எடுங்கள்.

விலை கேட்கும் முறையில் கவனம் வேண்டும். ஒரு பேருந்துக்கு ஒரு நாளைக்கு என்று கேட்டால், எத்தனை மணி நேரம் அதில் அடக்கம் என்று எழுதுங்கள். நேரக்கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது? யார்டை விட்டுக் கிளம்பும்போதா, முதல் பிள்ளை ஏறும்போதா? 60 பேருந்தில் வண்டிக்கு இருபது நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 20 மணி நேரம். சின்ன பேருந்து, சக்கர நாற்காலித் தூக்கி உள்ள பேருந்து, உதவியாளர், சுற்றுலா, கோடைப் பள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை வாங்குங்கள். டீசலை நீங்களே வாங்கிக்கொடுப்பது நல்லது. விலை ஏறினால் வரும் வம்பு குறையும்.

உங்களிடம் உள்ள எல்லா விவரத்தையும் ஆவணத்தோடு கொடுங்கள்: ரூட்கள், ஸ்டாப்கள், மைல்கள், ஓட்டுநர்களின் இப்போதைய சம்பளப் படிகள், வண்டிகளின் வயது. விவரத்தை மறைத்தால் புதியவர் பயந்து விலையைக் கூட்டுவார் அல்லது வரவே மாட்டார். ஏற்கெனவே அந்த ஊரில் ஓட்டுகிறவருக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

ஜூலை 1 அன்று ஒப்பந்தம் தொடங்க வேண்டுமென்றால், டெண்டர் முந்தைய இலையுதிர் காலத்திலேயே வெளிவர வேண்டும். ஏப்ரலில் வெளியிடுகிறவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான் வரும். புதிதாக வருகிறவருக்கு வண்டி ஆர்டர் செய்யவும் ஆள் எடுக்கவும் நேரமில்லை.

படி 7: வந்தவர்களை எடைபோடுவது

கம்பெனி கொடுக்கும் பரிந்துரைப் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். அவர்களை விட்டு விலகிய மாவட்டங்களைக் கேட்டு வாங்கி அங்கே பேசுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு அவர்களுடைய ஏதாவது ஒரு யார்டுக்குப் போங்கள். வராத ஓட்டுநர்கள் எத்தனை பேர், மாற்று ஆள் எத்தனை பேர், மேலாளரே சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டப் போகிறாரா என்று அரைமணியில் தெரிந்துவிடும். பளபளப்பான காட்சியுரை எதுவும் அதைச் சொல்லாது. கம்பெனியின் உரிமையாளர் யார் என்றும் பாருங்கள். நாட்டின் மிகப்பெரிய ஒப்பந்ததாரரான ஃபர்ஸ்ட் ஸ்டூடன்ட் 2021-இல் பிரிட்டனின் ஃபர்ஸ்ட்குரூப்பிடமிருந்து ஈக்யூடி என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. கையெழுத்துப் போட்ட கம்பெனி ஐந்தாம் ஆண்டிலும் அதே முதலாளியிடம் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

படி 8: ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டியவை

ஓட முடியாத ரூட்டுக்குப் பணம் கிடையாது என்று எழுதினால் போதாது. அதற்குமேல் அபராதம் வேண்டும். இல்லாவிட்டால், ஆளில்லாத ரூட்டை விட்டுவிடுவது கம்பெனிக்குச் செலவில்லாத வழியாகிவிடும். எத்தனை நிமிடம் தாண்டினால் தாமதம், அதை யாருடைய ஜிபிஎஸ் தீர்மானிக்கும் என்பதும் எழுத்தில் வேண்டும்.

ஓட்டுநரை நீக்கும் உரிமை மாவட்டத்துக்கு இருக்க வேண்டும். காரணம் சொல்லி, உடனடியாக. 2016 நவம்பர் 21 அன்று டென்னசியின் சட்டநூகாவில் உட்மோர் தொடக்கப் பள்ளிப் பேருந்து வேகமாகப் போய்ச் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஆறு பிள்ளைகள் இறந்தார்கள். ஓட்டுநர் ஒப்பந்தக் கம்பெனியில் சேர்ந்து சில மாதங்களே ஆனவர்; அவர் ஓட்டும் விதம் பற்றிப் பள்ளியிலிருந்து முன்பே புகார்கள் போயிருந்தன. அதே மாதம் முதல் தேதி பால்டிமோரில் வலிப்பு நோய் வரலாறு உள்ள ஓட்டுநர் ஓட்டிய ஒப்பந்தப் பேருந்து நகரப் பேருந்தில் மோதி ஆறு பேர் இறந்தார்கள். இரண்டையும் சேர்த்து விசாரித்த என்டிஎஸ்பி என்ற தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கம்பெனிகளை மட்டும் குற்றம் சொல்லி விடவில்லை. பள்ளி மாவட்டங்களின் மேற்பார்வைக் குறையையும் சேர்த்தே சொன்னது. ஆகவே புகார் பெற்றோரிடமிருந்து வந்தாலும் தலைமையாசிரியரிடமிருந்து வந்தாலும் மாவட்டத்தின் பதிவேட்டில்தான் முதலில் ஏற வேண்டும். இத்தனை மணி நேரத்துக்குள் கம்பெனி எழுத்தில் பதில் தர வேண்டும் என்றும் போடுங்கள்.

பள்ளி மூடினால் என்ன என்பதும் ஒரு பிரிவு. 2020 மார்ச்சில் கோவிட்டால் பள்ளிகள் மூடியபோது, ஓடிய நாளுக்கு மட்டும் பணம் என்று எழுதியிருந்த மாவட்டங்களும் கம்பெனிகளும் மல்லுக்கு நின்றன. முடிந்தவரை ஊழியர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் தொடர்ந்து பணம் கொடுங்கள் என்று கோவிட் நிவாரணத்துக்கான கேர்ஸ் சட்டம் சொன்னது. எவ்வளவு என்று சொல்லவில்லை. இப்போதே எழுதிவிடுங்கள்: பனிக்கு ஒரு விகிதம், நீண்ட மூடலுக்கு ஒரு விகிதம்.

விலையேற்றத்துக்கு உச்சவரம்பு, உதிரிப் பேருந்துகளின் எண்ணிக்கை, வண்டியின் அதிகபட்ச வயது, கம்பெனி வேலையைக் கைவிட்டால் ஈடு தரும் செயல்திறன் பத்திரம், காப்பீட்டில் மாவட்டத்தின் பெயர் ஆகியவை வழக்கமானவை, வக்கீல் பார்த்துக்கொள்வார். வக்கீல் சில சமயம் மறப்பது ரூட் தரவு யாருடையது என்பதை. மாணவர் பெயர், முகவரி, ஸ்டாப், கேமரா பதிவு எல்லாம் மாவட்டத்துக்கே சொந்தம், ஒப்பந்தம் முடிந்தால் பயன்படுத்தக்கூடிய வடிவில் திரும்ப வர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

படி 9: மாறும் கோடைக்காலம்

பழைய ஓட்டுநர்களுக்கு வேலையில் சேர முதல் உரிமையும், குறைந்தது இப்போதைய மணிக்கூலியும் தருவதாகக் கம்பெனியிடம் எழுதி வாங்குங்கள். அவர்களுக்குத்தான் எந்தத் திருப்பத்தில் மூடுபனி இறங்கும், எந்தப் பிள்ளை எந்த வீட்டில் பாட்டியிடம் இறங்க வேண்டும் என்பது தெரியும். ஓய்வூதியம் போகிறது என்ற செய்தியை அவர்கள் வதந்தியாகக் கேட்கக் கூடாது. ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கணக்குக் காட்டுங்கள். நிறையப் பேர் அந்த ஜூனிலேயே விலகிவிடுவார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

மேரிலாந்தின் ஹோவர்ட் கவுன்ட்டியில் 2023 ஆகஸ்டில் ஸூம் என்ற பேருந்து நிறுவனம் பல ரூட்களை ஏற்றபோது, முதல் வாரத்திலேயே ஓட்டுநர் போதாமல் ரூட்கள் நின்றன. ஆயிரக்கணக்கான மாணவர்கள் பேருந்தின்றி நின்றார்கள். ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு எண்ணிக்கை கேளுங்கள்: உரிமம், பின்னணிச் சோதனை, போதைமருந்துச் சோதனை எல்லாம் முடித்துத் தயாராக உள்ளவர்கள் எத்தனை பேர்? 'பயிற்சியில் இருக்கிறார்கள்' என்று சொல்லப்படுபவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரூட்களின் எண்ணிக்கையை விடப் பத்தில் ஒரு பங்காவது கூடுதலாக இல்லாவிட்டால், எந்த ரூட்களை முதலில் இணைப்பது என்று அன்றே முடிவெடுத்துப் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டுநரும் பள்ளி திறக்குமுன் தன் ரூட்டை வெறும் வண்டியோடு, பள்ளி நேரத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

படி 10: கண்காணிப்பு

மாவட்டத்தில் ஒருவருக்கு இது முழுநேர வேலையாக இருக்க வேண்டும், போக்குவரத்து தெரிந்தவராக இருக்க வேண்டும். பழைய போக்குவரத்து மேலாளரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, ஒப்பந்தத்தைக் கொள்முதல் பிரிவு குமாஸ்தாவிடம் கொடுப்பது மலிவு போலத் தோன்றும். அவர் பில்லைக் கூட்டிப் பார்ப்பார்; பிரேக் பதிவேட்டைப் பார்க்க மாட்டார். ஓட்டுநர்களின் உரிமங்களையும், ஓட்டுநர்களின் போதைமருந்து, மது விதிமீறல்களைப் பதிந்துவைக்க 2020 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் பதிவு மையத்தில் அவர்களைச் சோதித்த சான்றையும் அறிவிப்பில்லாமல் கேட்டுப் பாருங்கள். மாதம் ஒரு நாள் ஏதோ ஒரு ரூட்டின் பின்னால் காரில் போகச் சொல்லுங்கள். ஓடாத ரூட், தாமதம், புகார், விபத்து என்ற நான்கு எண்களும் மாதந்தோறும் போர்டு கூட்டத்தில் பொதுவில் வரட்டும். கம்பெனிக்கு அது பிடிக்காது. அபராதத்தைவிட அதுதான் வேலை செய்கிறது.

படி 11: திரும்பும் வழி

ஒப்பந்தம் முடிவதற்குக் குறைந்தது பதினெட்டு மாதம் முன்பே, திரும்ப நாமே ஓட்டினால் என்ன ஆகும் என்ற கணக்கை எடுங்கள். உண்மையில் திரும்பப் போவதில்லை என்றாலும் எடுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால்தான் புதுப்பிக்கும்போது கம்பெனி விலையைக் கீழே இழுக்க முடியும். வண்டிகள் கம்பெனியுடையவை என்றால், தேய்மானம் போக மீதி விலைக்கு மாவட்டம் வாங்கிக்கொள்ளும் உரிமையை முதல் ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். மின்பேருந்து என்றால் சார்ஜர் யார் நிலத்தில், யார் மின்கணக்கில் நிற்கிறது என்பதும் இதில் சேரும். வண்டி போனாலும் சார்ஜர் உங்கள் யார்டில் இருக்கும்படி பாருங்கள். யார்டு கையில் உள்ள மாவட்டம் இந்தப் படியை ஒரு கோடைக்காலத்தில் முடித்துவிடலாம். யார்டை விற்ற மாவட்டம் முதலில் நிலத்துக்காக, நிலப் பயன்பாட்டுக்கு அனுமதி தரும் ஜோனிங் போர்டில் போய் நிற்க வேண்டியிருக்கும்.